பெல்ட் கட்டிய புலி அடிக்காமலே எப்படி ஜெயிக்கிறது?

சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் சாரம் இது: "போக்கிமான் வீடியோ ஆட்டத்தில் வரும் இன்சினரோர் என்ற புலியைப் பார்த்தால் அப்படியே மல்யுத்த வீரன். பெல்ட், தோள், நடை எல்லாம் அதுதான். ஆனால் போக்கிமான்களைப் பிரித்து வைத்திருக்கும் வகைகளில் அது ஃபைட்டிங் (சண்டை) வகை இல்லை. ஃபைட்டிங் அடி ஒன்று சரியாக விழுந்தால் சுருண்டுவிடுகிறது. ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை ஆட்டத்தில் எடுத்து ஆடினால் ஓடவே மாட்டேன் என்கிறது. எண்களும் சுமார்தான். அப்புறம் ஏன் டபுள்ஸ் (ஆளுக்கு இரண்டு போக்கிமானைக் களத்தில் இறக்கும் ஆட்டம்) ஆடுகிறவர்கள் எல்லாரும் இதையே தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்? இது பலமானதா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் இன்சினரோரை என்ன செய்வது?"

ஒரே வார்த்தை வேண்டுமென்றால், பலமானது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் போய்விட்டால் நாளைக்கு இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள். ஏனென்றால் நீங்கள் நாலைந்து கேள்வி கேட்ட மாதிரி தெரிந்தாலும் கேட்டது ஒன்றைத்தான். மல்யுத்த வீரன் என்றால் எதிராளியை அடித்துத் தூக்கிப் போடுகிறவன், இவன் ஏன் அப்படி இல்லை? உங்களைக் குழப்புவது அதுதான். அதற்குப் பதில் தெரிந்தால் வகை, வேகம், டபுள்ஸ் எல்லாம் தானாக அவிழ்ந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நகரியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கன்ட்ரோலர் குச்சி ஆடிப்போனால் அதையும் மாற்றித் தருவேன். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் ஒரு பழைய டிவி, ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச். எங்கள் தெருவில் தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் அங்கே கூடுவார்கள். டபுள்ஸ் மட்டும் 2017 முதல் ஆடுகிறேன், பெரும்பாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், நெட்டில். பெரிய பட்டம் எதுவும் ஜெயித்ததில்லை. ஆட்டத்தின் கணக்கைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உருவம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் இடத்தில் எது பதிவான விஷயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த எண்கள். நம் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் மல்யுத்த ட்ரம்ப் கார்டு ஆடியிருப்போம். உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க். எவன் கார்டில் எண் பெரிதோ அவனுக்கே கட்டு. அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. இன்சினரோரை ஒரு ட்ரம்ப் கார்டாக அச்சடித்தால் இப்படி இருக்கும்: உயரம் 1.8 மீட்டர், எடை 83 கிலோ, ஹெச்பி (உயிர்) 95, அட்டாக் 115, டிஃபென்ஸ் 90, ஸ்பெஷல் அட்டாக் 80, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 90, ஸ்பீட் 60. கூட்டினால் 530. ஆட்டத்தின் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் போக்கிமானுக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர், நன்றாக வளர்ந்த ஸ்டார்ட்டர் எதை எடுத்தாலும் ஏறக்குறைய இந்தக் கூட்டுத்தொகைதான் வரும். 83 கிலோ என்பது மல்யுத்தத்துக்கு ரொம்பவும் லேசு, ஜப்பானில் ஜூனியர் ஹெவிவெயிட்டில் சேர்த்துவிடுவார்கள். ஆக கார்டை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொன்னது சரி, சுமார்தான். ட்ரம்ப் கார்டில் எழுத இடமில்லாத விஷயங்களில்தான் இதன் சரக்கு எல்லாம் இருக்கிறது.

2016 நவம்பர் 18 அன்று வந்த சன், மூன் ஆட்டங்களில் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் மூன்றில் ஒன்று லிட்டன் என்ற கறுப்புப் பூனைக்குட்டி. 17-ஆம் லெவலில் டாராகேட், 34-ல் இன்சினரோர். நடுவில் இருக்கும் டாராகேட்டின் கழுத்தில் மணி மாதிரி ஒரு தீப்பை தொங்கும். கடைசி வடிவத்தில் அந்தத் தீ கழுத்தை விட்டு இறங்கி இடுப்பைச் சுற்றிக்கொள்கிறது. சாம்பியன்ஷிப் பெல்ட் மாதிரி தெரிவது தோலோ தங்கமோ இல்லை, நெருப்புதான். அது உக்கிரமானால் இடுப்புத் தீயும் கூடும் என்று ஆட்டத்துக்குள் இருக்கும் போக்கிடெக்ஸ் குறிப்பே சொல்கிறது.

அதே குறிப்பில் ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. லிட்டனுக்குத் தீப்பூனை. இன்சினரோருக்கு "ஹீல் போக்கிமான்". என் அக்கா மகன் இதைப் படித்துவிட்டு, "மாமா, இது காயத்தை ஆற்றுகிற போக்கிமானா?" என்று கேட்டான். தமிழில் எழுதினால் இரண்டு ஹீலும் ஒன்றுதான், பாவம் அவன் என்ன செய்வான்! இது குதிகாலுக்கான ஹீல். தொழில்முறை மல்யுத்தத்தில் கெட்டவன் வேஷம் கட்டுகிறவனுக்கு அந்தப் பெயர். நல்லவன் வேஷத்துக்கு ஃபேஸ் என்பார்கள். எந்த வேஷமும் இல்லாத வெறும் பலசாலி ரிங்குக்குள் நின்றால் ஆட்டம் சூடேறாது. ஹீல் வந்து நடுவரை முறைக்க வேண்டும், கூட்டத்தைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்க வேண்டும், எதிராளியின் கண்ணில் விரலை விட வேண்டும். அப்போதுதான் ஜனம் எழுந்து நின்று கத்தும்.

இது ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 1950-களில் நம் நாட்டில் மல்யுத்த வீரர்கள் தாராசிங்கும் கிங்காங்கும் மோதியபோது கிங்காங்கின் பிரம்மாண்டமான உடம்பைப் பார்த்து மிரளவும் திட்டவும்தான் பாதிக் கூட்டம் வந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கும் முந்தியது ஒன்று நம் ஊர்களிலேயே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிற ஊர்க்காரர் என்றால் உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பக்கத்து ஊரில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் தறி ஓட்டுகிறவர். மற்ற நாளில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். கடைக்கு வந்தால் "ரீசார்ஜ் பண்ணணும் தம்பி" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்பார். படுகளத்தன்று அதே மனிதர் புஜகீர்த்தியும் கிரீடமுமாக, தரையில் மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கும் ராட்சத துரியோதனன் மேல் ஏறி நின்றுகொண்டு தொடையைத் தட்டுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவிகளை ஒவ்வொருத்தியாகப் பார்த்து மீசையை முறுக்குவார். ஒரு வருஷம் ஒரு பாட்டி நிஜமாகவே எழுந்து வந்து விளக்குமாற்றால் ஒன்று வைத்தாள். அவர் வேஷத்தைக் கலைக்கவில்லை. அடி வாங்கிய இடத்தைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், மொத்தக் கூட்டமும் கொதித்துப் போயிற்று. பீமன் இன்னும் வரவே இல்லை. அவன் வந்து தொடையில் அடித்ததும் ஜனம் போட்ட கூச்சலில் பாதி அந்தச் சிரிப்பு சம்பாதித்துக் கொடுத்தது.

இன்சினரோர் அந்த வேஷம். அதனால்தான் அது ஃபைட்டிங் வகை இல்லை.

இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நாம் டார்க் என்று சொல்கிற வகைக்கு ஜப்பானிய மூலத்தில் பெயர் "அகு". அதற்கு இருட்டு என்று அர்த்தமில்லை, கெட்டது, தீமை என்று அர்த்தம். ஆங்கிலத்தில் டார்க் ஆனதும் நிழல், ராத்திரி என்று நம் மனம் போய்விட்டது. மூலத்தில் வைத்துப் படித்தால் இன்சினரோர் நெருப்பு, கெடுதி. ஹீல் என்ற பட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வகை கிடையாது. எந்தக் கெட்டவன் வேஷத்தையும் கடைசியில் வீழ்த்துவது நல்லவன் வேஷம் என்ற கணக்கு வகை அட்டவணையிலேயே இருக்கிறது. டார்க்கின் மேல் ஃபைட்டிங் அடி இரட்டிப்பாக விழும். உங்களைக் கடுப்பேற்றிய அந்தச் சுருண்டு விழுதல் அதன் வேஷத்தில் ஒரு பகுதி. துரியோதனன் தொடையில் அடி வாங்கித்தான் ஆக வேண்டும். ஆட்டம் செய்தவர்கள் இவ்வளவையும் யோசித்துத்தான் வைத்தார்களா என்றால், டார்க்கை ஃபைட்டிங் அடிக்கும் என்ற விதி இன்சினரோர் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே இருந்தது. இருக்கிற விதிக்குள் சரியாகப் பொருந்துகிற வேஷத்தை எடுத்தார்கள் என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம். மீதி என் ரசனை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஆள் இருக்கிறார். 2013-ல் எக்ஸ், ஒய் ஆட்டங்களில் வந்த ஹாலூச்சா. மெக்சிகோவின் லூச்சா லிப்ரே வீரன் மாதிரி முகமூடியும் சிறகும் கொண்ட பறவை. அதன் பட்டப்பெயரே மல்யுத்த போக்கிமான், வகை ஃபைட்டிங்கும் ஃப்ளையிங்கும். அது ஃபேஸ், இது ஹீல். மல்யுத்தம் செய்வது ஃபைட்டிங், மல்யுத்தத்தில் கெட்டவனாக நடிப்பது டார்க் என்று அவர்களே கோடு போட்டுவிட்டார்கள். இதற்கு ஒரு சில்லறைக் காரணமும் உண்டு. பிளேஸிகன், இன்ஃபர்னேப், எம்போர் என்று வரிசையாக மூன்று தலைமுறை நெருப்பு ஸ்டார்ட்டர்கள் ஃபயர்-ஃபைட்டிங்காக முடிந்திருந்தார்கள். இரண்டு காலில் நிற்கும் புலியைப் பார்த்ததும் "மறுபடியுமா!" என்று அலறியவர்களில் நானும் ஒருவன்.

உருவத்தின் மூலம் பற்றி நெட்டில் நிறையக் கதை ஓடுகிறது. உறுதியானது, அதன் அசைவுகளின் பெயர்கள் நேரே மல்யுத்தத்திலிருந்து வந்தவை. டார்க்கஸ்ட் லாரியட் என்பதில் வரும் லாரியட், நீட்டிய கையால் கழுத்தில் அறைகிற அடி. அதை ஜப்பானியர் மனதில் பதிய வைத்தவர் அமெரிக்க வீரர் ஸ்டான் ஹான்சன். மலீஷியஸ் மூன்சால்ட் என்பதில் வரும் மூன்சால்ட், கயிற்றின் மேலேறி பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு விழுகிற வித்தை. புலி வேஷத்துக்கு எல்லாரும் காட்டுகிற மூலம் டைகர் மாஸ்க். 1968-ல் தொடங்கிய ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையின் நாயகன் அவன், முதலில் ஹீலாக இருந்து அப்புறம் மனம் மாறியவன். 1981 ஏப்ரலில் அதே முகமூடியை மாட்டிக்கொண்டு சடோரு சயாமா என்ற நிஜ வீரர் ரிங்கில் இறங்கினார். ஒற்றுமை பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் இதை நான் பலமான ஊகம் என்ற பெட்டியில்தான் போடுவேன். புலியும் மல்யுத்தமும் சேர்ந்தால் ஜப்பானில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான் என்பதற்கு மேல் நான் சாட்சி சொல்லமாட்டேன். அந்த ஆட்டத்தின் கதையிலும் மல்யுத்த வாசம் தூக்கலாகவே இருக்கிறது. கதை நடக்கும் அலோலாவில் பேட்டில் ராயல் டோம் என்று ரிங் வைத்த அரங்கமே உண்டு, அங்கே மாஸ்க்டு ராயல் என்று முகமூடி போட்டு வருகிறவர் யார் என்று ஆடியவர்களுக்குத் தெரியும்.

இப்போது டபுள்ஸ். உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான்.

ஹீலின் வேலை ரிங்கில் மற்றவன் ஆட்டத்தைக் கெடுப்பது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் அபிலிட்டி என்று தானாகவே வேலை செய்யும் திறன் ஒன்று உண்டு, இன்சினரோரின் ஹிடன் (மறைந்த) அபிலிட்டி இன்டிமிடேட். களத்தில் கால் வைத்த நொடியிலேயே எதிரில் நிற்கும் இரண்டு பேரின் அட்டாக்கும் ஒரு படி இறங்கும். ஒரு படி என்றால் மூன்றில் இரண்டு பங்காகிறது. 150 அட்டாக் உள்ளவன் 100 ஆகிவிடுகிறான், அதுவும் நீங்கள் ஒரு பட்டனும் அழுத்தாமல். மேடைக்கு வந்து மீசையை முறுக்கியதோடு சரி. ஆட்டம் வெளியான புதிதில் இந்த அபிலிட்டியோடு இன்சினரோர் யார் கைக்கும் வரவில்லை, பிளேஸ் என்ற சாதாரண அபிலிட்டி மட்டும்தான் கிடைத்தது. பிற்பாடு இன்டிமிடேட் விநியோகத்துக்கு வந்த அப்புறம்தான் அதன் ராஜ்ஜியம் ஆரம்பித்தது. அதே புலி, அதே எண்கள். 530 என்ற கூட்டுத்தொகையில் ஒன்றுகூட ஏறவில்லை.

அடுத்தது ஃபேக் அவுட். களத்துக்கு வந்த முதல் டர்னில் (சுற்றில்) மட்டும் வேலை செய்யும் அடி, 40 பவர்தான், அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ப்ரயாரிட்டி மூன்று படி அதிகம், எவ்வளவு வேகமானவனையும் முந்திக்கொண்டு விழும். அடி வாங்கியவன் அந்த டர்ன் முழுக்கத் திகைத்து நிற்பான். டபுள்ஸில் எதிராளிக்கு ஒரு டர்னில் இரண்டு செயல்தான், அதில் ஒன்று போயிற்று. அந்த இடைவெளியில் உங்கள் கூட்டாளி நிதானமாக டெயில்விண்ட் போட்டு அணியின் வேகத்தை ஏற்றலாம், ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடித் தன் அட்டாக்கை ஏற்றலாம், அடிக்கலாம். நடுவர் கண்ணை மறைத்து எதிராளியின் காலைப் பிடித்துக்கொள்கிற வேலை இது.

மூன்றாவது பார்ட்டிங் ஷாட். எட்டாம் தலைமுறை ஆட்டங்களில் கிடைத்தது. வசை ஒன்றை வீசிவிட்டு வெளியே போவது. எதிராளி ஒருவனின் அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டும் ஒரு படி இறங்கும், இன்சினரோர் பின்னால் போய் வேறொருவன் முன்னால் வருவான். முதலில் இன்டிமிடேட், அப்புறம் இது என்றால் அந்த 150 இப்போது 75. இரண்டு டர்ன் கழித்து இன்சினரோர் மறுபடி உள்ளே வந்தால் மறுபடி இன்டிமிடேட், 60. உள்ளே வந்தவுடன் ஃபேக் அவுட்டும் புதிதாகத் தயார். எதிராளி இந்தக் குறைவைத் துடைக்க வேண்டுமென்றால் ஆளை மாற்ற வேண்டும். மாற்றினால் அவனுக்கு அந்தச் செயல் வீண். எப்படிப் போனாலும் ஒரு பல்லு உடையும்.

நீங்கள் குறையாகச் சொன்ன 60 வேகம் இந்த இடத்தில் வரப்பிரசாதம். வேகமானவன் பார்ட்டிங் ஷாட் போட்டால் அவன் முதலில் வெளியே போய்விடுவான், உள்ளே வருகிறவன் எதிராளியின் அடியை நேராக வாங்குவான். மெதுவானவன் போட்டால் எதிராளி அடித்து முடித்த அப்புறம்தான் மாற்றம் நடக்கும், அடியை இன்சினரோரே வாங்கிக்கொள்ளும், உங்கள் மென்மையான கூட்டாளி ஒரு கீறலும் இல்லாமல் வந்து நிற்பான். 50-ஆம் லெவலில் ஹெச்பியை முழுக்க ஏற்றினால் 202 வரும், அந்த ஓர் அடியைத் தாங்க அது பெரும்பாலும் போதும். இதோடு நாக் ஆஃப், எதிராளி கையில் வைத்திருக்கும் பொருளைத் தட்டிவிடும். ஃப்ளேர் பிளிட்ஸ் 120 பவர், ஆனால் கொடுத்த சேதத்தில் மூன்றில் ஒரு பங்கு தனக்கே திரும்பும். டார்க்கஸ்ட் லாரியட் 85 பவர், எதிராளி டிஃபென்ஸை எவ்வளவு ஏற்றி வைத்திருந்தாலும் அதைப் பொருட்படுத்தாது. அடிக்கவே தெரியாதவன் இல்லை. அடி அவனுக்கு நாலாவது வேலை, அவ்வளவுதான். இதனால்தான் 2023 டிசம்பரில் இண்டிகோ டிஸ்க் விரிவாக்கத்தோடு ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களுக்குத் திரும்பி வந்தபோது முதல் வாரமே நெட்டில் தரவரிசை ஏணியில் பார்க்கிற அணியிலெல்லாம் இது உட்கார்ந்திருந்தது.

எல்லா இடத்திலும் செல்லுமா என்றால் செல்லாது. நானே மண்ணைக் கவ்வியிருக்கிறேன். ஒரு ராத்திரி, எதிரில் கிங்காம்பிட் என்ற போக்கிமான். நான் தூக்கக் கலக்கத்தில் இன்சினரோரை உள்ளே விட்டேன். கிங்காம்பிட்டின் டிஃபயன்ட் அபிலிட்டி, தன் எண் எதையாவது எதிராளி குறைத்தால் அட்டாக்கை இரண்டு படி ஏற்றிக்கொள்ளும். ஒன்று இறங்கி இரண்டு ஏறியது. அதோடு விட்டேனா, பார்ட்டிங் ஷாட்டையும் அவன் மேலேயே போட்டேன். அட்டாக் ஒரு குறைவு, ஸ்பெஷல் அட்டாக் ஒரு குறைவு, இரண்டுக்கும் தனித்தனியாக ஏற்றம். அடுத்த டர்ன் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏளனம் செய்தால் கோபத்தில் பலம் கூடுகிறவனிடம் ஹீல் வாய் கொடுக்கக் கூடாது. மைலோட்டிக் என்ற போக்கிமானின் காம்பெட்டிட்டிவ் அபிலிட்டியும் இதே ரகம், அது ஸ்பெஷல் அட்டாக்கை ஏற்றும். இன்னர் ஃபோகஸ் என்ற அபிலிட்டி உள்ளவர்களிடம் இன்டிமிடேட்டும் செல்லாது, ஃபேக் அவுட்டின் திகைப்பும் செல்லாது. களத்தில் சைக்கிக் டெரைன் என்ற தரை விளைவை விரித்திருந்தால் தரையில் நிற்பவர்கள் மேல் ஃபேக் அவுட் விழாது. கோல்டெங்கோ என்ற போக்கிமானிடம் பார்ட்டிங் ஷாட் பலிக்காது, நீங்களும் வெளியே போக முடியாமல் அங்கேயே நிற்பீர்கள். ஃபைட்டிங் தவிர தண்ணீர், மண், பாறை மூன்றுமே இதன் மேல் இரட்டிப்பு. ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் பாதி ஜாலம் போய்விடும். எதிரில் ஒருவன்தான், காப்பாற்றிக் கொடுக்கப் பக்கத்தில் கூட்டாளியும் இல்லை. நீங்கள் கதை ஆட்டத்தை மட்டும் ஆடிவிட்டு "சுமார்" என்றிருந்தால் அதில் தப்பே இல்லை.

ஸ்மாஷ் பிரதர்ஸ் வேறு உலகம். 2018 டிசம்பர் 7-ல் வந்த அல்டிமேட்டில் இன்சினரோர் 69-ஆம் எண் வீரன். ஆட்டத்தை இயக்கிய மசாஹிரோ சகுராயின் குழு இதை வடித்த விதத்தில் அந்த நடிப்பு இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. ஓட்டத்தில் அந்த ஆட்டத்திலேயே மிக மெதுவானவர்களில் ஒன்று, உங்கள் கண் பொய் சொல்லவில்லை. நல்ல அடி ஒன்று விழுந்தால் உடனே கூட்டத்துக்கு போஸ் கொடுக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் இதைப் பார்த்து "நேரம் வீணாகிறதே" என்று பதறுவார்கள். வேண்டாம், அடுத்த பட்டனை அழுத்தினால் போஸ் கலைந்துவிடும்.

அலோலன் விப் என்ற பக்கவாட்டு ஸ்பெஷல் அசைவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எதிராளியைப் பிடித்து வீசினால் அந்தரத்தில் ரிங் கயிறு முளைக்கும், அவன் அதில் மோதித் திரும்பி ஓடி வருவான். சரியான நொடியில் பட்டனை அழுத்தினால் லாரியட். கொஞ்சம் தப்பினால் முதுகுக்கு மேலே தூக்கிப் போடும். முழுக்கத் தப்பினால் அவன் வந்து நம் மேலேயே மோதுவான், நமக்கும் அடி. மண் கோதாவில் குஸ்தி பழகிய என் சித்தப்பா ஒருமுறை கடையில் இதைப் பார்த்துவிட்டு, "கயித்துல விழுந்தவன் எதுக்குடா திரும்பி ஓடி வர்றான்? அங்கேயே நின்னா போச்சு" என்றார். நியாயமான கேள்வி. நிஜ குஸ்தியில் எவனும் வரமாட்டான். தொழில்முறை மல்யுத்தத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிற நடனம் அது. ஸ்மாஷ் அந்த நடனத்தை எதிராளியின் சம்மதம் இல்லாமலே ஆட வைக்கிறது.

கீழ்ப்பக்க ஸ்பெஷல் ரிவெஞ்ச். அடியை வேண்டுமென்றே வாங்கி, அதன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அடுத்த அடியில் வட்டியோடு திருப்பித் தரும். விளக்குமாற்று அடி வாங்கிவிட்டுச் சிரித்தாரே, அவர்தான் நினைவுக்கு வருகிறார். மேல்ஸ்பெஷல் கிராஸ் சாப், செங்குத்தாக ஏறிச் சாய்வாகக் கீழே பாயும், பக்கவாட்டில் தூரம் எடுக்காது. மேடையை விட்டுத் தள்ளப்பட்டால் திரும்பி வருவது கஷ்டம். ஆக ஸ்மாஷில் பலமா என்றால், கைக்குள் சிக்கினவனுக்கு எமன், சிக்காதவனுக்கு வேடிக்கை. தூரத்தில் நின்று எறிகிற ஆளிடம் திண்டாடும். எங்கள் கடையில் ஒரு பையன் இன்சினரோரை மட்டும்தான் எடுப்பான், அவன் துரத்துவதே இல்லை. ஓரிடத்தில் நின்று எதிராளியை வெறுப்பேற்றி, தானாக வர வைப்பான். ஞாயிற்றுக்கிழமையில் பாதி நேரம் ஜெயிப்பது அவன்தான்.

நீங்கள் வைத்திருக்கும் இன்சினரோரை என்ன செய்வது என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். டபுள்ஸுக்கு என்றால் இன்டிமிடேட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் அபிலிட்டி பேட்ச் ஒன்றைத் தேடி மாற்றிக்கொள்ளுங்கள். நேச்சர் (குணம்) கேர்ஃபுல் வைத்தால் நல்லது, அது ஸ்பெஷல் டிஃபென்ஸை ஏற்றும். நேரடி அடிகளை இன்டிமிடேட் மட்டுப்படுத்திவிடும், மீதியைத் தாங்க ஸ்பெஷல் டிஃபென்ஸ் வேண்டும். ஹெச்பியை முழுக்க ஏற்றுங்கள். ஃபேக் அவுட், பார்ட்டிங் ஷாட், நாக் ஆஃப், ஃப்ளேர் பிளிட்ஸ், கையில் ஒரு சிட்ரஸ் பெர்ரி. பெர்ரிக்குப் பதில் அசால்ட் வெஸ்ட் என்ற பொருளை மாட்டினால் பார்ட்டிங் ஷாட் போட முடியாது, அதை மறந்துவிட்டு மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம், ஃபேக் அவுட்டை அழுத்துவதற்கு முன் எதிரே நிற்பது கோஸ்ட் வகையா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மேல் அது படவே படாது. எட்டு வருஷத்துக்கு மேல் ஆடுகிறேன், நேற்று ராத்திரியும் பார்க்காமல் அழுத்தினேன்.